சிறு வியாபாரத்தின் மீதான உரிமச் சுமையைக் குறைப்பது எப்படி: யாழ்ப்பாணத்து உரிமையாளருக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு பலசரக்குக் கடையையோ, வீட்டோடு சேர்ந்த மிளகாய்த்தூள் உற்பத்தியையோ, இரண்டு பேர் வேலை செய்யும் தச்சுப் பட்டறையையோ நடத்துபவரை அரசாங்க விதிமுறைகள் வருத்துவது பெரும்பாலும் கட்டணத்தினால் அல்ல, அலைச்சலினாலேயே. பெரிய நிறுவனத்தில் கணக்காளரும் எழுதுவினைஞரும் இருப்பார்கள். ஒரு படிவத்தை நிரப்புவதற்காக அங்கே எந்த வேலையும் நின்றுவிடுவதில்லை. தனியாளாகக் கடை நடத்துபவர் பிரதேச சபைக்குப் போகும் காலைப்பொழுதிலோ கடை பூட்டியிருக்கும், அன்று வரவேண்டிய வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், உரிய அலுவலர் களப்பணிக்குச் சென்றிருந்தால் மறுநாளும் கடை பூட்டியிருக்கும். ஒரே விதி இருவருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் பாரம் இருவர் மீதும் சமமாக இறங்குவதில்லை. ஐக்கிய அமெரிக்கா 1980 ஆம் ஆண்டிலேயே, புதிய ஒழுங்குவிதிகளைக் கொண்டுவருமுன் அவை சிறு நிறுவனங்களை எவ்வாறு பாதிக்கும் என்பதை அரச முகவரகங்கள் ஆராய வேண்டும் என்று சட்டம் இயற்றியதற்கு இதுவே காரணம்.

எங்கள் சூழலில் பாராளுமன்றச் சட்டம் ஒன்றை மாற்றுவது ஒரு கடைக்காரரால் ஆகக்கூடிய காரியமல்ல. ஆனால் அவரைக் களைப்படையச் செய்பவற்றில் பெரும்பகுதி பாராளுமன்றச் சட்டத்தில் எழுதப்பட்டதும் அல்ல. எந்த ஆவணத்தை எத்தனை பிரதியில் கேட்பது, எந்த நாளில் விண்ணப்பம் ஏற்பது, பரிசோதனைக்கு எப்போது வருவது என்பவை யாழ்ப்பாணத்திலேயே, உள்ளூராட்சி மன்றத்தின் தீர்மானத்தாலும் அலுவலக வழக்கத்தாலும் முடிவாகின்றவை. இங்கே முடிவானதை இங்கேயே மாற்றவும் முடியும். முதலில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே இறக்கி வைக்கக்கூடிய சுமையைப் பார்ப்போம். பின்னர் ஒரு சந்தையோ தெருவோ ஒன்றுசேர்ந்து இறக்கக்கூடியதைப் பார்ப்போம்.

எந்தக் கந்தோர், எந்தச் சட்டம்

வீணான அலைச்சலின் முதற்காரணம், பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென எண்ணுவது. பிரதேச சபை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றம். வியாபார உரிமம், சோலைவரி (வீடு, கட்டடம், காணி மீதான வரி), கட்டட அனுமதி என்பன அதற்குரியவை. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிருவாக அலுவலகம். கிராம அலுவலரும் சிறு தொழில் அபிவிருத்தி உத்தியோகத்தரும் அதனோடு இணைந்து பணியாற்றுகின்றனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 1 மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்க, பிரதேச செயலகங்களோ 15 மட்டுமே. எல்லைகளும் பெயர்களும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. சுன்னாகத்தில் கடை வைத்திருப்பவருக்கு உரிமம் வழங்குவது வலிகாமம் தெற்குப் பிரதேச சபை; வியாபாரப் பெயரைப் பதிய அவர் போகவேண்டியது உடுவில் பிரதேச செயலகம். இதைத் தெளிவாக அறிந்துகொண்டாலே சில அரை நாட்கள் மிஞ்சும்.

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் ஒவ்வொரு கடப்பாட்டையும் எழுதுங்கள். அதன் எதிரே எந்த அலுவலகம், எந்தச் சட்டத்தின் கீழ், எவ்வளவு காலத்துக்குச் செல்லுபடியாகும், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். இவற்றுள் சட்டத்தின் பெயரை எழுதும் இடமே முக்கியமானது; அந்த இடம் வெறுமையாக இருக்கும் எந்தக் கோரிக்கையையும் பற்றி மேலும் விசாரிக்க வேண்டும்.

வியாபாரப் பெயர்ப் பதிவு 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. அச்சட்டம் தனது முழுப் பெயரிலேயே, வேறெந்தச் சொல்லும் சேர்க்காமல் வியாபாரம் செய்பவரைப் பதியும்படி கட்டாயப்படுத்துவதில்லை. ‘ஸ்டோர்ஸ்’, ‘அன்ட் சன்ஸ்’ போன்ற சேர்க்கை ஏதும் வந்தால் பதிவு வேண்டும். ஆயினும் வங்கிக் கணக்கு, கடன், கேள்விப்பத்திரம் முதலியவற்றுக்கு இந்தச் சான்றிதழே முதலில் கேட்கப்படுவதால், தொழிலைத் தொடர்ந்து நடத்த எண்ணுபவர் பதிந்துகொள்வதே நல்லது. இது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமம் அல்ல. முகவரியோ பங்காளரோ தொழிலின் தன்மையோ மாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பழைய முகவரியுடன் கூடிய சான்றிதழ் பின்னர் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வியை எழுப்பும்.

இந்த இடத்தில் ஓர் ஆலோசனையை வலியுறுத்த விரும்புகிறேன். மதிப்பாக இருக்கும் என்ற எண்ணத்தில் சிலர் தொடக்கத்திலேயே 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதிந்துவிடுகிறார்கள். அப்படிப் பதிந்த நாளிலிருந்து கம்பனிச் செயலாளர், கணக்காய்வாளர், வருடாந்த அறிக்கை என்ற கடப்பாடுகள் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடரும். வருமான வரியிலும் பொதுவான கம்பனி வீதம் 30 சதவீதம். தனியாளாகத் தொழில் செய்பவருக்கோ 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விடுவிப்பு உண்டு. வெளியார் முதலீடு, ஏற்றுமதி ஒப்பந்தம், பொறுப்பை வரையறுக்க வேண்டிய ஆபத்தான தொழில் என்று தெளிவான காரணம் இருந்தால் கம்பனி பொருத்தமானது. அவ்வாறு இல்லாதவர் தனியாள் வியாபாரமாகவோ பங்குடைமையாகவோ தொடங்கி வளர்ந்த பின் மாறுவதே சுமையைக் குறைக்கும் முதல் முடிவு.

அடுத்தது பலரும் ‘லைசன்ஸ்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடும் உள்ளூராட்சிக் கட்டணம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இது மூன்று வெவ்வேறு வகையாக இருக்கிறது. உபவிதிகளின்படி, அதாவது உள்ளூராட்சி மன்றத்துக்கென ஆக்கப்பட்ட விதிகளின்படி, உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கான உரிமக் கட்டணம் ஒன்று; 150 ஆம் பிரிவின் கீழ் குறிப்பிட்ட சில தொழில்கள் மீதான வரி இன்னொன்று; 152 ஆம் பிரிவின் கீழ் முன்னைய ஆண்டின் வரும்படியைப் பார்த்து அறவிடும் வியாபார வரி மூன்றாவது. உணவகம், வெதுப்பகம், சிகை அலங்கார நிலையம் போன்று சுகாதாரத்தோடும் தொல்லையோடும் தொடர்புடையவை உரிமத்துக்குள் வருவது வழக்கம். 152 ஆம் பிரிவின் வரி, உரிமம் தேவைப்படாததும் 150 ஆம் பிரிவின் வரி செலுத்தத் தேவையில்லாததுமான வியாபாரங்களுக்கே உரியது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ஒரே இடத்தில் ஒரே வியாபாரத்துக்கு உரிமக் கட்டணமும் வியாபார வரியும் சேர்த்துக் கேட்கப்பட்டால், எந்தப் பிரிவின் கீழ் எது அறவிடப்படுகிறது என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. மாநகர சபைக்கும் நகர சபைகளுக்கும் வேறு கட்டளைச் சட்டங்கள் உள்ளமையால், யாழ் நகருக்குள்ளும் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி நகர சபை எல்லைகளுக்குள்ளும் இருப்போர் இந்தப் பிரிவு இலக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தத்தம் சபையின் வர்த்தமானி அறிவித்தலைப் பார்க்க வேண்டும்.

உணவோடு சம்பந்தப்பட்ட தொழிலுக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையும் வருகின்றன. சபை எல்லைக்குள் கடை இருந்தாலும் பரிசோதகர் பொதுவாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர் என்பதால், சபையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு அவர் வருவார் என்று காத்திருப்பதில் பல கிழமைகள் போய்விடும். விண்ணப்பம் கொடுத்த அன்றே அதன் பிரதியுடன் பரிசோதகரின் பணிமனைக்குச் சென்று திகதி ஒன்றைக் கேட்டுக்கொள்வது இந்த இடைவெளியை மூடும். அவர் வருமுன், கழிவுநீர் எங்கே போகிறது, கிணறு எங்கே இருக்கிறது, மலசலகூடக் குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவற்றைக் காட்டும் கைவரைபடம் ஒன்றை வரைந்து வையுங்கள். மிளகாய் அரைக்கும் மில்லானால் தூள் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது, அயல்வீட்டு மதில் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதையும் அதில் குறியுங்கள். அளவு பிசகாத படம் தேவையில்லை. ஆனால் கேட்கப்போகும் கேள்விக்கு விடை தாளில் இருக்குமானால் இரண்டாவது வருகைக்குத் தேவை குறையும்.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு உட்பட்டது. வர்த்தமானியில் பட்டியலிடப்பட்ட தொழில்களுக்கு மட்டுமே இது வேண்டும். மாசு குறைந்த வகைகளுக்கான உரிமத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குப் பதிலாக உள்ளூராட்சி மன்றமே வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. பட்டியல்களில் உற்பத்தி அளவு, ஊழியர் எண்ணிக்கை, இயந்திரத்தின் வகை என்பவை எல்லைகளாக வைக்கப்பட்டுள்ளதால், விண்ணப்பத்தில் எழுதும் கொள்ளளவு மெய்யானதாக இருக்க வேண்டும். வங்கிக் கடனுக்காகத் தயாரித்த திட்ட அறிக்கையில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எட்ட நினைக்கும் உற்பத்தியை எழுதிவிட்டு, அதே அறிக்கையைச் சுற்றாடல் விண்ணப்பத்தோடும் இணைப்பவர், சிறு மில்லுக்குப் பெரிய ஆலையின் நிபந்தனைகளைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

இந்த உரிமத்தையே நீக்கக் கோருவோரோடு என்னால் உடன்பட முடியாது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம், அந்தப் பாறை மேலிருந்து இறங்கும் எதையும் வடிகட்டி நிறுத்துவதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வரை போனதை இங்குள்ளவர் எவரும் மறக்கவில்லை. குறைக்க வேண்டியது நீரையும் உணவையும் காக்கும் நிபந்தனையை அல்ல; அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன் என்று நிரூபிக்க ஒருவர் செலவழிக்கும் நாட்களை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தராசும் படிக்கற்களும் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். இதற்காகப் பிரதேசம் பிரதேசமாக நாள் குறித்து அறிவிக்கப்படும்போது உங்கள் ஊருக்கான நாளிலேயே கொண்டுபோனால் அலைச்சல் இல்லை. விலைப் பட்டியலைக் காட்சிப்படுத்துவதும் கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கடப்பாடுகள். செலவு மிகக் குறைவு, தவறினால் நீதிமன்றம் வரை போகவேண்டி வரும்.

ஊழியர் ஒருவரையேனும் வைத்திருப்பவர் ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்காக 12 சதவீதமும் ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். குடும்ப உறுப்பினர் மட்டுமே வேலை செய்யும் வியாபாரம் சேமலாப நிதிக்கு உட்படாது. இதில் காலந்தாழ்த்துவது தவறான சிக்கனம். தாமதத்துக்கான மேலதிக அறவீடு 50 சதவீதம் வரை உயரக்கூடியது, அதைவிட முக்கியமாக அது உங்களை நம்பி உழைப்பவரின் முதுமைக்கால உணவு.

வருமான வரியைப் பொறுத்தவரை மதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. விவரத்திரட்டு அடுத்த நவம்பர் 30 இற்குள் சேர வேண்டும். பெறுமதி சேர் வரி 18 சதவீதம். 2024 ஜனவரி முதல் ஆண்டுப் புரள்வு, அதாவது மொத்த விற்பனைப் பெறுமதி, 6 கோடி ரூபாயை, அல்லது காலாண்டுப் புரள்வு 1.5 கோடியைத் தாண்டியவர் பதிய வேண்டியிருந்தது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அந்த ஆண்டு எல்லையை 3.6 கோடியாகக் குறைக்க முன்மொழிந்தது. மொத்த வியாபாரமும் எரிபொருளும் விற்பவர்கள், இலாபம் சிறிதாக இருந்தாலும் புரள்வு பெரிதாக இருப்பதால், ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின் பின்னரும் இந்த எல்லையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே கோவை

தாளில் எழுதிய பட்டியல் முடிந்ததும், ஒரே கோவையில் தேசிய அடையாள அட்டை, கடைக்கான காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், வியாபாரப் பெயர்ச் சான்றிதழ், கடைசிச் சோலைவரிப் பற்றுச்சீட்டு, முன்னைய ஆண்டின் உரிமம், கட்டட வரைபடம், வரி செலுத்துநர் அடையாள இலக்கம், சுகாதார அறிக்கைகள் ஆகியவற்றின் மூலப்பிரதிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நிழற்பிரதிகளையும் கூடவே வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்தும் வைத்திருங்கள். எல்லா ஆவணத்திலும் உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். முதலெழுத்து ஒரு தாளில் தகப்பனார் பெயரோடு விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியும் குறைந்தும் இருப்பதே எங்கள் பகுதியில் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு நான் மிகுதியாகக் கண்ட காரணம். அப்படி வேறுபாடு இருந்தால், ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்வதைவிட, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசி ஒன்றைச் சமாதான நீதவானிடம் முடித்துக் கோவையின் முன்பக்கத்தில் வைத்துவிடுவது நல்லது.

புலம்பெயர்ந்த உறவினரின் காணியில் கடை நடத்துவோருக்கு இன்னும் ஒன்று. உரிமையாளர் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும்போது ஒவ்வோராண்டும் சம்மதக் கடிதம் கேட்கப்படும். ஆண்டுதோறும் கடிதம் வரவழைப்பதை விட்டு, காலம் குறிப்பிட்ட வாடகை ஒப்பந்தத்தையோ தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும், உரிய முறையில் பதிவுசெய்த அற்றோணித் தத்துவத்தையோ நொத்தாரிசு மூலம் ஒரு தடவை செய்து முடித்துவிடுங்கள். செலவு முதலில் கூடுதலாகத் தோன்றினாலும் பின்னர் வரும் ஆண்டுகளில் அது பலமடங்கு திரும்பிவிடும்.

வாய்ச்சொல்லை எழுத்தாக்குங்கள்

‘இன்னொரு கடிதம் வேணும்’, ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்ற வாய்ச்சொற்களே அலைச்சலை வளர்க்கின்றன. மேசைக்கு அப்பால் இருப்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று எண்ண வேண்டாம். கணக்காய்வில் ஐயவினா வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே என்பதால், சட்டம் கேட்காத தாளையும் பாதுகாப்புக்காகச் சேர்த்து வைப்பது அலுவலகங்களின் இயல்பாகிவிட்டது. உங்கள் கடிதம் அவருடைய அந்தப் பயத்துக்கும் விடையாக இருக்க வேண்டும். சபைச் செயலாளருக்கு முகவரியிட்டு இப்படி எழுதலாம்:

“எனது வியாபாரத்துக்கு நடப்பு ஆண்டுக்கான உரிமம் பெறுவதற்காக மேற்குறித்த திகதியில் விண்ணப்பித்தேன். கீழ்க்காணும் ஆவணத்தையும் சமர்ப்பிக்குமாறு வாய்மூலம் அறிவுறுத்தப்பட்டேன். இந்த ஆவணம் எந்தச் சட்டத்தின் அல்லது உபவிதியின் எந்தப் பிரிவின் கீழ் கோரப்படுகிறது என்பதையும், இனியும் நான் சமர்ப்பிக்க வேண்டியவை இருப்பின் அவற்றின் முழுப் பட்டியலையும் எழுத்தில் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரையும் ஒப்பமும் வாங்கிக் கோவையில் சேருங்கள். ஏற்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தில் குற்றஞ்சாட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் கேட்பதுதான் இதன் பலம். எழுத்தில் ஒரு பட்டியலைத் தந்தபின் அதைத் தாண்டிப் புதிதாக ஒன்றைக் கேட்பது எந்த அலுவலருக்கும் எளிதல்ல. கொழும்பிலுள்ள திணைக்களத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், அதைத் தமிழில் தருமாறு கோருவது சலுகை கேட்பது ஆகாது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி என்பது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையில் எழுதப்பட்டுள்ளது.

அலுவலக வாசலில் தொங்கும் பிரசைகள் பட்டயத்தையும் வாசியுங்கள். எந்தச் சேவைக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், பொறுப்பான அலுவலர் யார் என்று அதில் இருக்கும். அதில் எழுதப்பட்ட நாட்கள் கடந்துவிட்டால் அந்த வரியையே உங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டுங்கள். செலுத்தும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பற்றுச்சீட்டில்லாத பணம் கேட்கப்பட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். அவசரத்தில் ஒருவர் கொடுக்கும் ‘தேத்தண்ணிக் காசு’ அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் கட்டணமாகிவிடுகிறது.

தகவல் அறியும் உரிமை

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பிரதேச சபைக்கும் திணைக்களத்துக்கும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மூலமாகவும் கேட்கலாம், அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இதைப் பயன்படுத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஏன் எனக்கு உரிமம் தரவில்லை’ என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது என்று திருப்பிவிட முடியும். சட்டம் தருவது அலுவலகத்தின் கையில் இருக்கும் பதிவேட்டை. ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள்: எனது விண்ணப்பம் தொடர்பான கோவையிலுள்ள குறிப்புகளின் பிரதி, இந்த வகைத் தொழிலுக்கு உரிமக் கட்டணத்தை நிர்ணயித்த சபைத் தீர்மானத்தின் பிரதியும் அது வெளியான வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், கடந்த ஆண்டில் கிடைத்த உரிம விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றும் பெறப்பட்ட, வழங்கப்பட்ட திகதிகளும். கடைசியாகச் சொன்ன கேள்வி உங்கள் ஒருவருக்காக மட்டும் அல்ல. அதன் விடைதான் அடுத்த கட்ட வேலைக்கு அத்திவாரம்.

சந்தையாகச் சேர்ந்து கேட்பது

திருநெல்வேலி, மருதனார்மடம், கொடிகாமம், நெல்லியடி என்று ஒவ்வொரு சந்தையைச் சுற்றியும் ஒரே சபையிடம் ஒரே வரிசையில் நிற்கும் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே முறைப்பட்டால் அது தனிப்பட்ட குறையாகவே கேட்கப்படும். வர்த்தகர் சங்கம் இருக்கும் இடத்தில் அதன் வழியாகவும், இல்லாத இடத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒப்பமிட்ட கூட்டு மனுவாகவும் கொண்டுபோங்கள். யாழ்ப்பாணம் வர்த்தக கைத்தொழில் மன்றம், யாழ் வணிகர் கழகம் போன்ற அமைப்புகளுக்கு மாவட்ட மட்டக் கூட்டங்களில் குரல் உண்டு என்பதால் மனுவின் பிரதியை அவற்றுக்கும் கொடுங்கள்.

மனுவில் ஆதங்கத்தைக் காட்டிலும் கணக்கு இருக்க வேண்டும். நெதர்லாந்து அரசு 2003 ஆம் ஆண்டில் தன் நிறுவனங்களின் மீதான நிருவாகச் சுமையை நான்கிலொரு பங்கு குறைப்பதென இலக்கு வைத்தபோது கையாண்ட முறை மிக எளியது: ஒரு கடப்பாட்டை நிறைவேற்ற எடுக்கும் நேரம், அந்த நேரத்தின் பணப்பெறுமதி, ஆண்டுக்கு எத்தனை தடவை, எத்தனை பேர் என்பவற்றைப் பெருக்குவது. இதை ஒரு சந்தைக்கும் செய்யலாம். உரிமம் புதுப்பிக்க ஒருவர் நான்கு தடவை அரை நாள் செலவழிக்கிறார், ஓர் அரை நாளில் அவர் இழக்கும் வருமானம் 2,000 ரூபாய், அப்படிப்பட்டவர் 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்தை ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாயை வரிசையில் நின்றே இழக்கிறது. உங்கள் சந்தையின் உண்மையான எண்களை ஒரு மாதம் குறித்துவைத்துச் சேகரித்து இந்த இடத்தில் போடுங்கள். சபை அந்த உரிமங்களால் பெறும் மொத்த வருமானத்தையும் அதன் பக்கத்தில் எழுதினால், எந்த உறுப்பினருக்கும் விடயம் உடனே விளங்கும்.

அடுத்து, சபையின் அதிகாரத்துக்குள் இருப்பவற்றை மட்டும் கேளுங்கள். சபையே வழங்கிய சோலைவரிப் பற்றுச்சீட்டையும் முன்னைய உரிமத்தையும் திரும்பவும் பிரதியெடுத்துத் தரும்படி கேட்பதை நிறுத்தலாம். அவை அதன் பதிவேட்டிலேயே இருக்கின்றன. சுகாதாரப் பரிசோதகர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், சுற்றாடல் அலுவலர் ஆகியோர் தனித்தனி நாட்களில் வருவதற்குப் பதிலாக ஒரு வட்டாரத்துக்கு ஒரு நாள் என்று சேர்ந்து வரலாம். புத்தகக் கடை, புடவைக் கடை, தையற்கடை போன்று ஆபத்துக் குறைந்தவற்றின் புதுப்பித்தலை ‘சென்ற ஆண்டிலிருந்து எந்த மாற்றமும் இல்லை’ என்ற சுயபிரகடனத்தின் பேரில் முடித்து, பரிசோதகரின் நேரத்தை உணவகங்களுக்கும் மில்களுக்கும் ஒதுக்கலாம். இந்தக் கடைசிக் கோரிக்கையே எல்லாவற்றிலும் பயன் மிகுந்தது என்பது என் உறுதியான கருத்து. அது வியாபாரியின் நாளையும் காக்கிறது, உண்ணும் மக்களையும் காக்கிறது.

2025 மே 6 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலின் பின் தெரிவான உறுப்பினர்கள் சபைகளில் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் மனுவைக் கொடுத்து, அதை ஒரு பிரேரணையாக எழுதிக்கொண்டு வருமாறு கேளுங்கள். பிரேரணையின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால் வேலை விரைவாகும். சபைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அது எடுக்கப்படும் நாளில் நான்கைந்து கடைக்காரர்கள் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருப்பது பல கடிதங்களுக்குச் சமம். சுகாதாரப் பணிமனை, சுற்றாடல் அதிகாரசபை, சபை என்று ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனம் சம்பந்தப்படும் விடயம் சபையில் முடியாது. அதைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும், அங்கும் தீராவிட்டால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அந்தக் கூட்டங்களில்தான் எல்லாத் தலைமை அலுவலரும் ஒரே மேசையில் இருப்பார்கள்.

காலத்தைத் தவறவிடக்கூடாது. உரிமம் டிசெம்பர் 31 உடன் முடிவதால் ஜனவரி முதல் மார்ச் வரை அலுவலகங்களில் நெரிசல். அந்நேரத்தில் நடைமுறையை மாற்றச் சொல்வதில் பலன் இல்லை. அடுத்த ஆண்டுக்கான கட்டணங்களும் வரவு செலவுத் திட்டமும் ஆண்டின் இறுதிக்குள் சபையில் நிறைவேற வேண்டும் என்பதால், அவற்றுக்கான ஆயத்தம் அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் கணக்கைச் சேகரித்து, ஜூனில் தகவல் கோரிக்கையை அனுப்பி, அதன் பதிலுடன் ஓகஸ்டில் மனுவைச் செயலாளருக்கும் தவிசாளருக்கும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டு பிரதிகளிலும் திகதி முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.